‘லி’க்கு முந்திய அசை

‘மார்க்ட்’ என்ற ஆங்கிலப் பெயரடை ஒரே அசையில் முடிந்துவிடும். அதோடு ‘லி’ சேர்த்து வினையடை ஆக்கினால் ‘மார்க்கிட்லி’ என்று மூன்று அசையாக நீள்கிறது. ‘சிம்பிள்’ இரண்டு அசை. ‘லி’ சேர்ந்து ‘சிம்ப்ளி’ ஆன பிறகும் இரண்டு அசைதான். ‘குவிக்’ ஓரசை, ‘குவிக்லி’ ஈரசை. மூன்றிலும் சேர்ந்தது ஒன்றே: எல், ஒய் என்ற இரண்டு எழுத்தால் எழுதப்படும் பின்னொட்டு. அது ஓரிடத்தில் ஓர் அசையைக் கூட்டுகிறது, ஓரிடத்தில் இரண்டைக் கூட்டுகிறது, மற்றோரிடத்தில் எதையும் கூட்டவில்லை. நம் பள்ளி இலக்கணங்கள் ‘பெயரடையோடு லி சேர்த்தால் வினையடை’ என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடும். அந்த வரி கடந்துபோகும் இடத்தில்தான், அதாவது ‘லி’க்கு நேர் முன்னால் நிற்கும் அசையில்தான், ஆங்கிலத்தின் பழைய வடிவங்கள் பல தேங்கி நிற்கின்றன என்பது என் வாதம். சொல் நீளமாக ஆக அது தெளிவாகத் தெரியும்.

எந்தச் சொல்லையும் இரண்டு வழியில் வெட்டலாம். பொருள் தரும் சிறு கூறுகளாகப் பிரிப்பது ஒன்று; அக்கூறுகளை மொழியியலார் உருபன் என்பார்கள். வாய் உச்சரிக்கும்போது எழும் ஒலித்துடிப்புகளாகப் பிரிப்பது மற்றொன்று, இதுவே அசை. அசை என்றதும் நேரும் நிரையும் நினைவுக்கு வரும். யாப்பின் நிரையசையில் இரண்டு உயிர் இருக்கலாம். இங்கே பேசப்படும் அசை அதைவிடச் சிறியது: ஓர் உயிரொலி, அதன் முன்னும் பின்னும் ஒட்டிய மெய்கள், அவ்வளவே. இந்த இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயம் எந்த மொழியிலும் இல்லை. ஆங்கிலத்தின் நீண்ட வினையடைகளில் அவை ஒன்றையொன்று சந்திப்பதே அரிது.

அன்கேரக்டரிஸ்டிக்கலி என்ற சொல்லைப் பார்ப்போம். ஒருவர் தம் இயல்புக்கு மாறாக நடந்துகொள்ளும்போது அந்த நடத்தைக்கு அடையாக வருவது. எழுதினால் 20 எழுத்து. சாதனைக்காகக் கட்டிய நீளம் இல்லை. நாளிதழிலும் கிரிக்கெட் வர்ணனையிலும் இயல்பாக வரும் சொல். பொருள் வழியே வெட்டினால் அன், கேரக்டர், இஸ்ட், இக், அல், லி என்று ஆறு துண்டு கிடைக்கும். ‘அன்’ எதிர்மறை முன்னொட்டு, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. ‘கேரக்டர்’ கிரேக்கத்தில் பிறந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. கிரேக்கத்தில் அது பொறிக்கும் கருவியையும் பொறித்த முத்திரையையும் குறித்தது. ‘இஸ்ட்’, ‘இக்’ இரண்டும் கிரேக்க வழி வந்தவை. ‘அல்’ இலத்தீனிலிருந்து வந்தது. கடைசி ‘லி’ மறுபடியும் பழைய ஆங்கிலம். நடுவில் கிரேக்கமும் இலத்தீனும், இரு முனையிலும் ஆங்கிலம்.

இனி அதே சொல்லை வாயால் சொல்லிப் பார்த்தால் அன்–கே–ரக்–ட–ரிஸ்–டி–க்லி என்று ஏழு அசை வரும். ஆறு உருபன்களுக்கு இடையில் ஐந்து இணைப்புகள் உண்டு. அவற்றில் அசை எல்லையோடு ஒத்துப்போவது ஒன்றே ஒன்று, ‘அன்’ முடியும் இடம். மற்ற நான்கும் ஏதாவதோர் அசையின் வயிற்றுக்குள் புதைந்து கிடக்கின்றன. ‘கேரக்டர்’ முடியும் இடத்தில் உள்ள ஆர் எழுத்தைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பில் அந்தச் சொல் தனியே நிற்கும்போது அந்த ஆர் ஒலிப்பதே இல்லை. பின்னால் ‘இஸ்ட்’ வந்ததும் உயிர் பெற்று, சொந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த துண்டின் உயிரோடு சேர்ந்து ‘ரிஸ்’ ஆகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதல்ல. மெய்யில் முடியும் சொல்லின்பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால், உயிர் அந்த மெய்மேல் ஏறிக்கொள்ளும் என்று நன்னூல் விதிக்கிறது. பால், ஆடை இரண்டும் சேர்ந்தால் பா–லா–டை. பொருள் எல்லை லகரத்துக்குப் பின்னால். அசை எல்லை லகரத்துக்கு முன்னால். இன்றைய ஒலியனியலார் இதையே இன்னும் விரித்துச் சொல்கிறார்கள்: ஒரு மெய்க்கூட்டம் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரத் தக்கது என்றால், அது முழுதும் பின்வரும் உயிரையே சாரும். ஆனால் ஆங்கிலத்தில் விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. டேனியல் கான் 1976இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில், ‘ஹேப்பி’ போன்ற சொல்லின் நடுமெய் ஒரே நேரத்தில் இரண்டு அசைக்கும் உரியது என்று வாதிட்டார். 1990இல் வெளிவந்த லாங்மன் உச்சரிப்பு அகராதியைத் தொகுத்த ஜே.சி. வெல்ஸ், இரு பக்க அசைகளில் எது அழுத்தமானதோ அதற்கே மெய் உரியது என்ற கொள்கையின்படி தம் அகராதி முழுவதையும் பிரித்தார். ஒரு சொல்லில் எத்தனை அசை என்பதில் அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். ஓர் அசை எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால்தான் கருத்து வேறுபடும்.

உருபன்களை அடுக்குவதில் உள்ள வரிசைக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. ‘அன்கான்ஸ்டிடியூஷனலி’ என்ற சொல்லில் ‘அன்’ முதலில் நின்றாலும், முதலில் சேர்ந்தது அது இல்லை. பெயர்ச்சொல்லான ‘கான்ஸ்டிடியூஷன்’ என்பதோடு ‘அன்’ நேரடியாக ஒட்டாது. முதலில் ‘அல்’ சேர்ந்து பெயரடை ஆக வேண்டும். பிறகு இடப்பக்கம் ‘அன்’ சேர வேண்டும். கடைசியாக வலப்பக்கம் ‘லி’. இடமும் வலமும் மாறி மாறி வளரும் இந்த வரிசையில் ‘லி’ எப்போதும் கடைசி. அதற்குமேல் எதுவும் ஒட்டாது.

அந்த ‘லி’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். ஆங்கிலேயத் தேவாலயங்களின் இடுகாட்டு வாசலில் சவப்பெட்டியை இறக்கிவைக்கும் கூரை வேய்ந்த நுழைவாயிலுக்கு இன்றும் ‘லிச்கேட்’ என்றுதான் பெயர். பிணத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ‘லைஹெ’யும் ‘போன்ற’ என்று பொருள்படும் ஆங்கில ‘லைக்’கும் அதே குடும்பம். ‘இன்னாரின் உருவுடைய’ என்ற பொருளில் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து பெயரடை ஆக்கியது ‘லீச்’; அதன்மேல் ஓர் எகரம் ஏறி ‘லீச்செ’ ஆனபோது வினையடை. உண்மையில் அக்காலத்தில் வினையடையின் அடையாளம் அந்த எகரம்தான். இடைக்கால ஆங்கிலத்தில் சொல்லிறுதி எகரங்கள் தேய்ந்து மறைந்தபோது அந்த அடையாளமும் போயிற்று. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ போன்ற சொற்கள் பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே வடிவாக நிற்பதற்குக் காரணம் இந்த இழப்பே. வேறுபடுத்த ஏதாவது தேவைப்பட்டது. ‘லீச்செ’ முழுவதும் ஒரே பின்னொட்டாகப் பரவி, தேய்ந்து ‘லி’ ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் மீதியையும் இறுக்கினார்கள். ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூல், ‘லி’ இல்லாத பெயரடையை வினையடையாக எழுதும் வழக்கத்தைப் பிழை என்றே குறித்தது.

இதே வேலையைச் செய்ய இலத்தீன் வழிமொழிகள் உடலை விட்டு மனத்தை எடுத்துக்கொண்டன. ‘தெளிவான மனத்தோடு’ என்ற இலத்தீன் தொடரில் மனத்தைக் குறித்த ‘மென்டெ’தான் ஸ்பானிய, இத்தாலிய மொழிகளின் வினையடைப் பின்னொட்டு; பிரெஞ்சில் அது ‘மான்’ என்று ஒலிக்கிறது. தமிழ் ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து ‘ஆக’, ‘ஆய்’ இரண்டையும் எடுத்தது. இந்த மூன்றில் ஆங்கிலப் பின்னொட்டே மிக இறுக்கமானது. ‘எளிமையும் தெளிவுமாக’ என்று தமிழில் இரண்டு சொல்லுக்கு ஒரே ‘ஆக’ போதும். ஸ்பானியத்திலும் இரண்டு வினையடை அடுத்தடுத்து வந்தால் கடைசிச் சொல்லில் மட்டும் ‘மென்டெ’ வரும். ஆங்கிலத்தில் இப்படிப் பங்கு போட முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி ‘லி’ வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காக, ஏறத்தாழ எல்லாப் பெயரடையோடும் ஒட்டும் ‘லி’ புதுச்சொல்லை ஆக்குகிறதா, அல்லது வேற்றுமை உருபுபோல ஒரே சொல்லின் இன்னொரு வடிவத்தைத் தருகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆர்னல்ட் ஸ்விக்கி 1995இல் அது உருபு இல்லை என்று எழுதினார். ஜான் பெய்ன், ராட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் மூவரும் 2010இல், பெயரடையும் வினையடையும் தனித்தனிச் சொல்வகைகளே என்று வாதிட்டார்கள். ஹைன்ஸ் கீகெரிக் 2012இல் நேர் எதிர்ப்பக்கம் நின்றார்: ‘லி’ ஓர் உருபு, வினையடை என்று தனிவகையே தேவையில்லை. அவர் பக்கம் வலுவான சான்று ஒன்று உண்டு. ‘ஃபிரெண்ட்லி’ என்ற சொல்லில் இருப்பது பெயரடை ஆக்கும் ‘லி’. அதன்மேல் ‘நெஸ்’ சேர்த்துப் பெயராக்கலாம், ‘ஃபிரெண்ட்லியர்’ என்று ஒப்பீடும் செய்யலாம். ‘குவிக்லி’யில் உள்ள வினையடை ‘லி’யின்மேல் எதையும் ஏற்ற முடியாது. சொல்லை அடைத்து மூடும் வேலையைப் பெரும்பாலும் உருபுகளே செய்யும். ஆனால் ‘ஹார்ட்’ என்றால் கடினம், ‘ஹார்ட்லி’ என்றால் அரிதாக. உருபு சேர்வதால் பொருள் இவ்வளவு தூரம் விலகுவதில்லை. இந்த ஒரு சொல்லும் ‘லேட்லி’ போன்ற அதன் சில துணைகளும் இருக்கும்வரை, முழு உருபு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அழுத்தத்தைப் பொறுத்தவரை ‘லி’ மிக நல்ல விருந்தாளி. டோரதி சீகல் 1974இல் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் ஆங்கில ஒட்டுகளை இரண்டு வகுப்பாகப் பிரித்தார். முதல் வகுப்பு சொல்லுக்குள் புகுந்து அழுத்தத்தை இடம் மாற்றும். இரண்டாம் வகுப்பு வெளியே நின்றுகொள்ளும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபொட்டாகிரஃபி’ என்றால் இரண்டாவதில். ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதில். அதோடு ‘லி’ சேர்த்தால்? அதே மூன்றாவதில்தான். அழுத்தத்தைத் தொடாத ‘லி’ இரண்டாம் வகுப்பு. ஆனால் அழுத்தத்தை விட்டுவிடும் இந்த ஒட்டு, தனக்கு முந்திய அசையை மட்டும் சும்மா விடுவதில்லை.

எதுவும் கூடாத சொற்களை முதலில் பார்ப்போம். ‘சிம்பிள்’, ‘ஜென்டில்’, ‘நோபிள்’, ‘ஏபிள்’ ஆகியவற்றின் கடைசி அசையில் முழு உயிர் கிடையாது. லகர மெய்யே நீண்டு அசையைத் தாங்குகிறது. பின்னால் ‘லி’ வந்ததும் இரண்டு லகரமும் ஒன்றாகி, அந்த ஒன்றும் அடுத்த உயிரின் முன்மெய்யாகப் போய்விடுகிறது. ஓர் அசை வந்தது, ஓர் அசை போனது, கணக்கு சரி. அருகருகே வரும் ஒரே மாதிரி ஒலிகளில் ஒன்று விழுந்துவிடுவது ஆங்கிலத்துக்குப் பழைய பழக்கம். ஆங்கிலேயரின் நாட்டுப் பெயரே ‘எங்லாலாண்ட்’ என்று இருந்து ஒரு ‘லா’வை இழந்து ‘இங்கிலாண்ட்’ ஆனது. ‘ப்ராபப்ளி’யைப் பேச்சில் ‘ப்ராப்ளி’ என்று சுருக்குவதும் இதே போக்குதான்.

இதைவிட ஆழமானது ‘இக்’ என்று முடியும் பெயரடைகளின் கதை. ‘பேசிக்’ என்பதோடு ‘லி’ மட்டும் சேர்க்க எழுத்து விதி இடம் தராது. நடுவில் ‘அல்’ வர வேண்டும். ‘டிராஸ்டிக்’, ‘சயன்டிஃபிக்’, ‘கேரக்டரிஸ்டிக்’ எல்லாமே இப்படித்தான். இந்த ‘அல்’ எங்கிருந்து வந்தது என்று தேடினால், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ‘சயன்டிஃபிகல்’, ‘கேரக்டரிஸ்டிகல்’ போன்ற பெயரடைகள் உண்மையிலேயே புழக்கத்தில் இருந்தது தெரியவரும். பின்னர் அவை வழக்கொழிந்தன. ஆனால் அவற்றின் வினையடைகள் மட்டும் நின்றுவிட்டன. தாய்ச்சொல் மறைந்து, அதன் ‘அல்’ மட்டும் ‘லி’யின் நிழலில் எழுத்தாகத் தங்கிவிட்டது. ஒலியில் அதுவும் இல்லை. ‘பேசிக்கலி’ என்று எழுதப்படுவதை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ‘பேய்–ஸி–க்லி’ என்று மூன்று அசையில்தான் சொல்கிறார்கள். கண்ணுக்கு நான்கு, காதுக்கு மூன்று.

இதனால்தான் தாய்மொழிக்காரர்களே இங்கு எழுத்துப்பிழை செய்கிறார்கள். ‘ஆக்ஸிடென்டலி’ என்ற சொல்லில் ‘அல்’ காதில் விழுவதில்லை. விட்டுவிட்டு எழுதுபவர் ஏராளம். எதிர்த்திசையிலும் பிழை நடக்கிறது. ‘பப்ளிக்’ விதிவிலக்காக ‘அல்’ இல்லாமல் நேரடியாக ‘லி’ ஏற்கும் சொல். விதியை நன்றாகப் படித்தவர்கள் அதிலும் ‘அல்’ சேர்த்து எழுதிவிடுகிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த வடிவத்தையும் பதிவு செய்திருக்கிறது. ‘பாலிடிக்’ என்றால் சூழல் அறிந்து விவேகமாக நடப்பது, ‘பாலிடிகல்’ என்றால் அரசியல் சார்ந்தது. முன்னதன் வினையடை ‘அல்’ இல்லாமல் வரும், பின்னதன் வினையடை ‘அல்’லோடு வரும். எழுத்தில் பொருளைப் பிரிக்கும் இந்த ‘அல்’ பேச்சில் ஏறத்தாழ மறைந்தே போகிறது. கேட்பவருக்கு அழுத்தம் விழும் இடம்தான் கைகொடுக்கும்.

‘அல்’ எழுத்தில் வாழ்ந்து ஒலியில் மறைந்தது என்றால், இறந்தகால ‘எட்’ நேர் எதிராக ஒலியில் உயிர்த்தெழுகிறது. கவிஞர் சாசரின் காலத்தில் இந்த ‘எட்’ பெரும்பாலும் தனி அசையாகவே ஒலித்தது. பிறகு அதன் உயிர் தேய்ந்தது. ‘சப்போஸ்ட்’, ‘அலெஜ்ட்’, ‘மார்க்ட்’ என்று மெய்கள் நெருங்கி நின்றன. இந்தத் தேய்வைக் கண்டு ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் ஆங்கிலத்தைத் திருத்த வேண்டும் என்று எழுதிய முன்மொழிவில் வருந்தினார். கவிஞர்கள் உயிரைச் சுருக்கி மெய்களை மோதவிடுவது காதுக்குக் கடூரம் என்பது அவர் குறை. அவர் வருத்தத்தால் எதுவும் நிற்கவில்லை. ஆனால் ‘லி’ ஒட்டும் இடத்தில் மட்டும் பழைய அசை இன்றும் நிற்கிறது. ‘சப்போஸ்ட்’ ஈரசை, ‘சப்போஸிட்லி’ நாலசை. ‘அலெஜ்ட்’ ஈரசை, ‘அலெஜிட்லி’ நாலசை. ‘டிசர்விட்லி’, ‘அஷூரிட்லி’ எல்லாம் அப்படியே. நம் தொலைக்காட்சிச் செய்திகளில் அன்றாடம் அடிபடும் ‘அலெஜ்ட்லி’ என்ற மூன்றசை உச்சரிப்பு, எழுத்தைப் பார்த்து நாம் ஊகித்துக்கொண்டது.

எல்லாச் சொல்லிலும் இந்த அசை திரும்புவதில்லை என்பதில்தான் நுட்பம். ‘எட்’டுக்கு முந்திய அசை அழுத்தம் பெற்றிருந்தால் உயிர் பெரும்பாலும் திரும்பும். அழுத்தம் இல்லாவிட்டால் திரும்பாது. ‘குட்-ஹியூமர்ட்’ என்பதில் ‘மர்’ அழுத்தமற்றது. அதன் வினையடை ‘குட்-ஹியூமர்ட்லி’தான், நடுவில் இகரம் வராது. ‘டிடெர்மின்ட்லி’யும் அப்படியே. அழுத்தமான அசைக்கும் ‘லி’க்கும் நடுவே ஒரு மெலிந்த அசை இருப்பதை ஆங்கிலம் விரும்புகிறது, ஏற்கெனவே ஒன்று இருந்தால் இன்னொன்றைப் பொறுப்பதில்லை. எழுதப்பட்ட எந்த விதியையும் பார்க்காமல், சிறுவயதிலேயே இதைச் சரியாகச் சொல்லப் பழகும் ஆங்கிலக் குழந்தைகளின் காதை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது.

மெலிந்த அசைகள் அளவுக்கு மீறிக் குவிந்தால் என்ன ஆகும் என்பதை ‘நெசசரிலி’ காட்டுகிறது. பெயரடையில் அழுத்தம் முதல் அசைமேல். பிரிட்டிஷ் உச்சரிப்பில் பின்பாதி முழுதும் மெலிந்து ‘நெ–ஸ–ஸ்ரி’ என்று சுருங்கும். அமெரிக்கர்கள் ‘செரி’ என்ற பகுதிக்கு முழு உயிர் கொடுப்பார்கள். ‘லி’ சேரும்போது அமெரிக்கப் பேச்சில் முதன்மை அழுத்தமே அந்த ‘செ’ மேல் தாவிவிடுகிறது: நெ–ஸ–செ–ரி–லி. ‘டெம்பரரிலி’, ‘பிரைமரிலி’, ‘வாலண்டரிலி’ எல்லாவற்றிலும் இதே தாவல். அழுத்தத்தைத் தொடாத ஒட்டு என்று சீகல் வகுத்த வகுப்புக்கு இது நேரடியான இடர்ப்பாடு. முதல் அசையில் அழுத்தத்தை வைத்துவிட்டு அதன்பின் நான்கு மெலிந்த அசைகளை இழுத்துச் செல்வது ஆங்கில நாவுக்குப் பாரம். ஒன்று சில அசைகளை விழுங்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். பிரிட்டன் முதல் வழியில் நடந்தது, அமெரிக்கா இரண்டாம் வழியில் நடந்தது. இப்போது பிரிட்டனிலும் இரண்டாம் வழி பரவிவிட்டது.

‘எக்ஸ்ட்ராடினரிலி’யில் இந்த இரண்டு வழியும் ஒரே சொல்லில் தெரியும். ‘வரிசைக்கு வெளியே’ என்ற இலத்தீன் தொடர்தான் மூலம். எழுத்தில் ‘எக்ஸ்ட்ரா’, ‘ஆர்டினரி’, ‘லி’ மூன்றும் அப்படியே நிற்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவர் எக்ஸ்–ட்ரா–ஆர்–டி–ன–ரி–லி என்று ஏழு அசை சொல்வார். அமெரிக்கர் ‘ட்ரா’வையும் ‘ஆர்’ஐயும் ஒன்றாக்கி, ‘னெ’ மேல் அழுத்தம் வைத்து ஆறில் முடிப்பார்: இக்–ஸ்ட்ரார்–ட–னெ–ர–லி. பிரிட்டிஷ்காரர் இன்னும் ஒன்றை விழுங்கி ஐந்தில் நிறுத்துவார். அந்த ‘ஸ்ட்ரார்’ என்ற ஒற்றை அசைக்குள் இரண்டு சொற்களின் எல்லை அடங்கிப்போயிற்று.

மிக நீண்ட அகராதிச் சொற்களில் ஒன்றான ‘எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி’ இதற்கு மாறானது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையால் என்பது பொருள். மனித மூளையில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதல் செய்து, 1929இல் வெளியிட்ட பதிவின் பெயரிலிருந்து வந்தது. 27 எழுத்து இருந்தும் உச்சரிக்க அவ்வளவு சிரமம் இல்லை. காரணம், கிரேக்கத் தொகைச்சொற்களை இணைக்கும் ஒகரம். அம்பரைக் குறித்த ‘எலெக்ட்ரோ’, தலைக்குள் இருப்பதைக் குறித்த ‘என்செஃபலோ’ என ஒவ்வொரு துண்டும் உயிரில் முடிவதால் அசை எல்லையும் பொருள் எல்லையும் இங்கே ஒத்துப்போகின்றன. சொல்லின் கடைசியில் ‘இக்’ வந்ததும்தான் பழைய குழப்பம் தொடங்குகிறது: கிரா–ஃபி–க்லி.

இவ்வளவும் காதுக்கு. அச்சுக்கூடத்தின் கவலை வேறு. குறுகிய பத்தியின் வரிமுடிவில் 20 எழுத்துச் சொல் வந்து நின்றால் எங்கே வெட்டிச் சிறுகோடு போடுவது? தமிழ் அச்சில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த எழுத்திலும் முறிக்கலாம், புள்ளி வைத்த மெய் அடுத்த வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் இது நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு. தாமஸ் டில்வொர்த் 1740இல் வெளியிட்ட எழுத்துப் பாடநூல் ‘கிளஸ்டர்’ என்பதைக் கிள–ஸ்டர் என்று பிரித்தது. ‘நேஷன்’ போன்ற சொற்களின் ஈற்றை இரண்டு அசையாகக் கற்பித்தது. நோவா வெப்ஸ்டர் 1783இல் தம் புகழ்பெற்ற எழுத்துப் பாடநூலில் இதை உடைத்தார். குழந்தை வாயால் சொல்வதுபோலவே பிரிக்க வேண்டும் என்று கிளஸ்–டர் ஆக்கினார். ‘ஷன்’ ஈற்றை ஓரசையாக்கினார். அமெரிக்க அச்சு அந்தக் காதுவழியையே பெரும்பாலும் பின்பற்றியது. பிரிட்டிஷ் மரபு சொல்லின் பிறப்பைப் பார்த்து வெட்டியது. அதனால் ஒரே ‘நாலெட்ஜ்’ அமெரிக்காவில் எல் எழுத்துக்குப் பின்னும் பிரிட்டனில் அதற்கு முன்னும் முறிந்தது.

அகராதியில் தலைச்சொல்லின் நடுவே இடும் புள்ளிகளை அசைப்பிரிப்பு என்று ஆசிரியர்கள் பலர் கற்பிக்கிறார்கள். இது தவறான பாடம், திருத்தப்பட வேண்டும். அப்புள்ளிகள் வரிமுடிவில் முறிக்கத்தக்க இடங்கள் மட்டுமே. ‘அபவுட்’ ஈரசைச் சொல். மெரியம்-வெப்ஸ்டரில் அதன் நடுவே புள்ளி இராது, ஒற்றை எழுத்தை வரிமுடிவில் தனியே விடக்கூடாது என்பதால். ‘அன்கேரக்டரிஸ்டிக்கலி’யைப் புள்ளி வைத்துப் பிரித்தால் எட்டுத் துண்டு வரும், யாரும் உச்சரிக்காத ‘கல்’ அதில் ஒன்று.

கணினிக்கு இதைக் கற்பித்தவர் ஃபிராங்க் லியாங். ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் கனூத்தின் மேற்பார்வையில் 1983இல் முடித்த ஆய்வேட்டில், உருபனையும் அசையையும் கணினிக்குச் சொல்லித்தர முயலாமல் வேறொரு வழி எடுத்தார். அகராதிச் சொற்களிலிருந்து சுமார் 4,500 சிறு எழுத்துக்கோவைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கு இடையே ஓர் எண் வைத்தார். ஒற்றை எண் என்றால் முறிக்கலாம், இரட்டை எண் என்றால் முறிக்கக்கூடாது, பெரிய எண் சிறியதை வெல்லும். மொத்தம் 25 கிலோபைட் இடத்தில் அடங்கிய இந்த முறை, கையகராதி ஒன்றில் இருந்த முறிவிடங்களில் 89 விழுக்காட்டைப் பிழையே இல்லாத அளவுக்குச் சரியாகக் கண்டது. கனூத்தின் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் அது சேர்ந்தது. லிப்ரேஆபிஸ் போன்றவை இன்றும் அதன் வழியில் வந்த கோவைகளையே பயன்படுத்துகின்றன. டெக்கில் ஆங்கிலத்துக்கு ஒரு கூடுதல் காவலும் உண்டு: வரிமுடிவில் குறைந்தது இரண்டு எழுத்து, அடுத்த வரித் தொடக்கத்தில் குறைந்தது மூன்று எழுத்து. சிகாகோ நடைக் கையேடும் இதையே சொல்கிறது. ஆக, இரண்டே எழுத்துள்ள ‘லி’யைத் தனியே வெட்டி அடுத்த வரிக்கு அனுப்ப முடியாது. வினையடைக்குள் மிகத் தெளிவான உருபன் எல்லை எதுவோ, அங்கு மட்டும் அச்சு கத்தி வைக்காது.

அச்சு வெட்ட மறுக்கும் அந்த இடத்தில் நம் பேச்சு துல்லியமாக வெட்டுகிறது. ‘ஆக்சுவலா நான் வரல’, ‘டெஃபனட்டா முடிச்சிடலாம்’, ‘பெர்சனலா பேசணும்’ என்று நகரத் தமிழில் சொல்லும்போது, ‘லி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆக’வின் பேச்சு வடிவமான ‘ஆ’ அமர்கிறது. இவற்றில் பலவற்றை ஆங்கிலப் பெயரடையோடு தமிழ் ‘ஆ’ சேர்ந்தது என்றே விளக்கிவிடலாம். ‘ஆட்டோமேட்டிக்கா’ அப்படித்தான். ஆனால் ‘பேசிக்கலா’ என்றும் நாம் சொல்கிறோமே, அதை அப்படி விளக்க முடியாது. இன்றைய ஆங்கிலத்தில் ‘பேசிகல்’ என்ற பெயரடை கிடையாது. எனவே இங்கே தமிழ்க் காது முழு வினையடையைக் கேட்டு, அதன் கடைசி ஒட்டை மட்டும் சரியாக அடையாளம் கண்டு கழற்றியிருக்கிறது. கழற்றிய பிறகு கையில் மிஞ்சியது, ஆங்கிலேயர் தம் பேச்சில் விழுங்கிவிட்ட அதே ‘அல்’. பே–சிக்–க–லா என்று நாம் முழு உயிர் கொடுத்து ஒலிக்கும் அந்தக் ககரத்தில், லண்டனிலும் நியூயார்க்கிலும் கேட்காத ஓர் அசை சென்னையில் கேட்கிறது.